கஞ்சித்தொட்டியும் நம் தெருவும்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றால் இன்னொரு பெயரும் நினைவுக்கு வரும்: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. என் பேரனிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரியில் எதுக்குத் தாத்தா கஞ்சித்தொட்டி?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கஞ்சித்தொட்டிதான் முதலில் வந்தது, ஆஸ்பத்திரி பின்னால் வந்தது என்றேன். அதற்குள் அவன் போனுக்குத் திரும்பிவிட்டான். அவன் கேட்காத மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். வீடில்லாதவர்களுக்கு ஊருக்குள் எங்கே இடம் கொடுப்பது என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் மறுபடி எழுந்திருப்பதால், இந்தப் பழங்கதைக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது.

1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை கணவாய் இறங்கி கர்நாடகச் சமவெளிக்குள் வந்தது. வயல்கள் எரிந்தன, ஏரிப் பாசனம் குலைந்தது, சுற்றுப்புறத்துக் கிராமத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மதராஸ் பட்டணத்தை நோக்கி ஓடிவந்தார்கள். பின்னாலேயே பஞ்சமும் வந்தது. துறைமுகம் என்று ஒன்று அப்போது கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலா படகில் மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். 1782 அக்டோபரில் அடித்த புயலில் அரிசி ஏற்றி வந்த கப்பல்கள் பல நாசமாயின. பட்டினி கிடந்த ஊரின் கண்ணெதிரே அரிசி கடலில் போயிற்று.

அந்த 1782லேதான் மதில்சுவருக்கு வடக்கே ஒரு கஞ்சி மையம் ஏற்பட்டது. மதில் என்று நான் சொல்வது கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய கோட்டைச் சுவர். மேற்கே வால்டாக்ஸ் சாலையும் வடக்கே பழைய சிறைச் சாலையும் இன்று அதன் தடங்கள். மாடிப்பூங்கா என்று ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. சுவருக்கு உள்ளே வியாபாரிகள், துபாஷிகள், கடைகண்ணிகள். வெளியே தோப்பும் சலவைத் துறைகளும். பசித்து வந்தவர்களைச் சுவருக்கு வெளியே வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். பொறுப்பில் இருந்தவர் கிராம மணியக்காரர். ஆகவே ஜனங்களுக்கு அது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் புகுந்து "மோனிகர் சவுல்ட்ரி" ஆயிற்று. மோனிகர் என்றொரு வள்ளல் இருந்ததாகவே சிலர் எழுதிவிட்டார்கள். அப்படி ஒருவரும் இல்லை. அது ஆளின் பெயர் இல்லை, உத்தியோகத்தின் பெயர். குமாஸ்தாவாக வேலை பார்த்தவனுக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு என்பதை மறைப்பானேன்!

பஞ்சம் ஓய்ந்தது. சத்திரம் ஓயவில்லை. சாதாரணச் சத்திரம் என்றால் வழிப்போக்கனுக்கு மூன்று நாள் சோறு, பிறகு அவன் தன் வழியே போய்விடுவான். போக வழியே இல்லாதவர்கள் தங்கியது இங்கே. வயதானவர்கள், கைகால் முடங்கியவர்கள், நாதியற்றவர்கள். பசித்து வந்தவனுக்குக் கஞ்சி மட்டும் போதாது, காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வைத்தியம் வேண்டும் என்பது நாளடைவில் தெரிந்தது. 1799ல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் அங்கே ஒரு வைத்திய சாலையைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, ராயபுரத்து மருத்துவப் பள்ளியோடு சேர்ந்து, 1934ல் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி கையால் திறப்பு விழா கண்டு, 1936ல் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. 1938ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது. மிச்சம் உங்களுக்கே தெரியும். வடசென்னையில் கை துண்டானவனும் தீக்காயம் பட்டவனும் இன்றுவரை ஓடுகிற இடம் அதுதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். ஆஸ்பத்திரிக்கு அவர்கள் சொல்லும் "ஒப்பித்தால்" என்ற சொல்லுக்கே பழைய பொருள் யாத்திரீகரும் ஏழைகளும் தங்கும் வீடு என்பதுதான் என்று எங்கள் வாத்தியார் சொல்லுவார். சத்திரமும் ஆஸ்பத்திரியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது எனக்கு ராயபுரம் வந்த பிறகுதான் கண்ணால் பார்த்துப் புரிந்தது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. சத்திரத்தை மதிலுக்கு வெளியே வைத்தார்கள், ஆனால் ஊர் வெளியே வந்துவிட்டது. 1856ல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. துறைமுகம் கட்டினார்கள், அச்சாபீசுகளும் கிடங்குகளும் வந்தன. கூலி வேலைக்கு வந்தவர்கள் குடிசை போட்டார்கள், பிறகு ஓட்டு வீடு, பிறகு மாடி. இத்தனையும் அந்தக் கஞ்சித்தொட்டியைச் சுற்றித்தான் வளர்ந்தது. யாரும் அதைக் கண்டு ஓடவில்லை. ஓடுவானேன்? சத்திரத்தில் இருந்த கிழவிக்குக் காய்ச்சல் பார்த்த அதே டாக்டர்தான் பக்கத்துத் தெருக் குழந்தைக்கும் பார்த்தார். வீடில்லாதவனுக்காக வந்த வசதி வீடுள்ளவனுக்கும் கிடைத்தது.

1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் இந்த ஏற்பாடு மறுபடி சோதனைக்கு வந்தது. கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்க, பக்கத்திலேயே ஜனங்கள் சுருண்டு கிடந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். அந்தப் பஞ்சத்துக் கூலியில்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து பக்கிங்ஹாம் கால்வாயின் ஐந்து மைல் வெட்டப்பட்டது. நம் எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாக வரும் அதே கால்வாயின் தெற்குத் தொடர்ச்சி. இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலம் கடக்கிறோம்.

இதற்குப் பத்து வருஷம் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியிருந்து, திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய்வந்த வள்ளலார், 1867 மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை என்பது எல்லோரும் அறிந்தது. எல்லோரும் நினைத்துப் பார்க்காதது, அந்த நிலம் யாருடையது என்பது. பார்வதிபுரத்து ஜனங்கள் ஏறக்குறைய எண்பது காணியை எழுதிக் கொடுத்தார்கள். பசித்தவன் தினமும் நம் ஊருக்கு வந்துகொண்டே இருப்பான் என்று தெரிந்தே அந்த ஊர் நிலம் கொடுத்தது.

நம் சர்க்கார்கள் பிற்பாடு பிடித்த வழி வேறு. ராயபுரத்தில் இருந்த தொழுநோயாளர் மருத்துவமனையின் காலம் முடிந்து, 1920களில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் தனிக் குடியேற்றம் வந்தது. 1945ல் பிச்சை எடுப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. தெருவில் பிடித்தவர்களை நகரத்துக்கு வெளியே மேல்பாக்கம் இல்லத்துக்கு ஏற்றிப் போனார்கள். வேனைப் பார்த்ததும் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிதறி ஓடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அரசாங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன்: "நகருக்கு வெளியே பொருத்தமான இடம்" என்ற சொற்றொடரை எழுதுவது மிகச் சுலபம். ஆட்சேபணை வராது. வெளியே இருப்பவனுக்கு ஆட்சேபணை எழுத ஆள் இருக்காது.

நம் கண்ணெதிரே நடந்ததும் உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பத்துக் குடும்பங்களைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள். தாழ்வான இடம். 2005 மழையில் கொட்டகைக்குள் தண்ணீர். பலர் பின்னர் நகரத்தின் மறுகோடிக்கு, செம்மஞ்சேரிக்குப் போனார்கள். வலை இங்கே, வீடு அங்கே. காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே சூடு பிடித்துவிடும். பெரும்பாக்கத்திலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் அந்த நேரத்துக்கு எந்த பஸ் வரும்? அதனால்தான் அங்கே வீடு ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் வாரத்தில் பாதி நாள் இங்கே நடைபாதையில் படுக்கிறார்கள். சாவி இடுப்பில் இருக்கும், உடம்பு பிளாட்பாரத்தில் இருக்கும். கணக்கில் அவர்கள் வீடுள்ளவர்கள்.

வால்டாக்ஸ் சாலையிலும் பேசின்பிரிட்ஜ் பக்கமும் நடைபாதையிலேயே மூன்று தலைமுறை கண்ட குடும்பங்கள் உண்டு. பாட்டி பூக்கட்டினாள், மகள் மீன் சுத்தம் செய்கிறாள், பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். 1996ல் கொத்தவால்சாவடி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது மூட்டை தூக்கியவர்களில் கொஞ்சம் பேர் கூடவே போனார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்கள். வேலை எங்கேயோ அங்கேதான் படுக்கை. இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சட்டம் இதைப் புரிந்துகொண்டது கொஞ்சம் தாமதமாகத்தான். 2009 டிசம்பர் குளிரில் டில்லியில் ஒரு இரவுக் காப்பகத்தை மாநகராட்சியே இடித்துத் தள்ளியது. அந்த விவகாரம், ஏற்கனவே உணவு உரிமை வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2010ல் கோர்ட், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும், வருஷம் முழுக்க இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிற்று. 2013ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கு விதிமுறை வகுத்தது: ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி, தண்ணீர், கழிப்பறை, பூட்டுள்ள பெட்டி. என்னைப் பொறுத்தவரை அதில் தங்கமான வரி ஒன்றுதான்: வீடற்றவர்கள் திரளாக இருக்கும் இடத்துக்கும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கும் பக்கத்திலேயே காப்பகம் அமைய வேண்டும். சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் காப்பகங்கள் நடத்துகிறது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியோருக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் நோயாளியின் கூட வந்தவர்களுக்கு என்று தனித்தனியாக. 2011 அக்டோபரில் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் எண்ணூர் வரை இப்போது அதன் பொறுப்பு.

இனி எங்கள் தெரு விஷயத்துக்கு வருகிறேன். தெருவின் பெயர் வேண்டாம். பிள்ளைகள் குறைந்து மூடிக்கிடக்கும் ஒரு பள்ளிக் கட்டடம் இருக்கிறது. அதில் ஆண்களுக்கான காப்பகம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "சார், உங்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கும், கவர்மெண்ட் பாஷையும் தெரியும். ஆட்சேபணை மனு ஒண்ணு எழுதிக் குடுங்க." இந்தத் தெருவில் ஓய்வூதியம், பட்டா, குடிநீர் இணைப்பு எல்லாவற்றுக்கும் மனு எழுதுகிறவன் நான்தான். காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

அவர்கள் சொன்னதை நான் கேலி செய்யத் தயாராக இல்லை. முதலில் பேசிய அம்மாள் எண்ணூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டவர். "எல்லாரும் வேண்டாம்னு தள்றதெல்லாம் வடசென்னைக்குத்தானா சார்? சாம்பலும் நமக்கு, குப்பையும் நமக்கு, எண்ணெயும் நமக்கு, இப்ப இதுவுமா?" என்றார். தவறென்று சொல்ல முடியுமா? ஊர்க் குப்பை கொடுங்கையூரில். அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது பையன்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய், இம்முறை ஆற்று வழியாக வீட்டுச் சுவர்வரை. நல்லது எதையும் கேட்டுக் கொண்டுவராத ஊருக்கு, கேட்காமலே ஒன்று வருகிறது என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அம்மாளிடம் ஒன்று கேட்டேன். சாம்பல் வேறு எங்கோ எரியும் விளக்குக்காக இங்கே கொட்டப்படுகிறது. இவர்கள் எங்கிருந்து கொட்டப்படுகிறார்கள்? அந்தக் கட்டடத்தில் வந்து படுக்கப்போகிறவன் இப்போது எங்கே படுக்கிறான்? நம் தெருமுனை மீன் ஐஸ் கிடங்குத் திண்ணையில். அவன் வரப்போகிறவன் இல்லை, இருபது வருஷமாக இருக்கிறவன். அவர் பதில் சொல்லவில்லை. கூட வந்த டீக்கடைக்காரர்தான், "ஆமாம், அவர்ல ஒருத்தர் எனக்குத் தண்ணி தூக்கிப் போடறாரு" என்றார்.

வெளிநாட்டிலும் இதே கதைதான் என்று அவர்களுக்கு ஒன்று சொன்னேன். பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் புரட்டும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பாரிஸில் 16ஆவது வட்டாரம் பணக்காரர் பகுதி, நம் போட் கிளப் மாதிரி. 2016ல் அங்கே புலோஞ் வனத்தின் ஓரம் 200 பேருக்கு ஒரு காப்பகம் வரப்போகிறது என்றதும், மார்ச் மாதம் நடந்த பொதுக்கூட்டத்தில் கோட்டு சூட்டு போட்டவர்கள் போட்ட கூச்சலில் கூட்டத்தையே சிறிது நேரத்தில் கலைக்க வேண்டியதாயிற்று. கட்டடத்துக்குத் தீ வைக்கும் முயற்சிகூட நடந்தது. நவம்பரில் திறந்தார்கள். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அக்கம்பக்கத்தாரே துணி கொண்டுவந்து கொடுத்தார்கள், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார்கள். "பாரிஸ்லயேவா சார்!" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். அவருக்கு அந்தக் கூச்சல்தான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

மனு எழுதினேன். அவர்கள் கேட்ட மனு இல்லை. ஆட்சேபணை என்ற சொல்லை எடுத்துவிட்டு, "காப்பகம் அமையும் பட்சத்தில் பகுதி மக்களின் கோரிக்கைகள்" என்று தலைப்பிட்டேன். கட்டடத்தின் முன் பகுதி அறையில் வாரம் மூன்று நாள் டாக்டர் உட்கார வேண்டும், காப்பகத்தாருக்கும் தெருவாருக்கும் சேர்த்து. கழிப்பறை போதுமான எண்ணிக்கையில் கட்டிய பிறகே ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஐம்பதுக்கு மேல் ஒருவரையும் திணிக்கக் கூடாது. தெருவிளக்கு நாலு. மழைநீர் வடிகால் அடைப்பு நீக்கம். இது எட்டு வருஷமாக நாங்கள் கேட்பது, இந்தச் சாக்கிலாவது நடக்கட்டும். மேற்பார்வைக் குழுவில் தெருவார் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். ராத்திரி ஏதாவது தகராறு என்றால் கூப்பிட ஒரு போன் நம்பர், எடுக்கிற ஆளோடு. இப்போது ஐஸ் கிடங்குத் திண்ணையில் இருப்பவர்களுக்கே முதல் இடம்.

படித்துக் காட்டினேன். ஒருவர் எழுந்து போய்விட்டார். "கேட்டதைக் குடுக்காம வேற எதையோ குடுக்கறீங்க" என்றார் போகும்போது. அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. மனு எழுத வேறு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. அம்மாள் டாக்டர் அறையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஸ்டான்லிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது, முட்டிவலிக்கு மாத்திரை இங்கேயே கிடைக்குமா என்றார். கேட்டுத்தான் பார்ப்போமே என்றேன்.

நாற்பது வீட்டில் இதுவரை பதினேழு கையெழுத்து. டீக்கடைக்காரர் போட்டுவிட்டார், தெருக்குழாய்க்குப் புதுக் கைப்பிடி என்று ஒன்பதாவது கோரிக்கையைச் சேர்த்த பிறகுதான். அம்மாள் மருமகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்துத் தபால் முத்திரை வாங்கி வரப்போகிறேன். நகலில் முத்திரை வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள்.